கோலாலம்பூர்ல இருந்து சென்னை, திருச்சி பிளைட்: எவ்ளோ தூரம், எத்தன மணி நேரம், டிக்கெட்டை எப்படி பாக்குறது

மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் பெக்கான்ல சின்னதா ஒரு கடை வச்சிருக்கேன், போட்டோஸ்டேட், பாஸ்போட் படம், போன் டாப்அப், அதோட ஊருக்கு போறவங்களுக்கு டிக்கெட் எடுத்து பிரிண்ட் பண்ணி குடுக்குறதும் நான்தான். ஊருன்னா இங்க இந்தியான்னு அர்த்தம், அங்க போய் அம்பது வருஷமா யாரும் எட்டிப் பாக்கலன்னாலும் அது ஊருதான். போன மாசம் தோட்டத்துல இருந்து ஒரு அத்தை வந்தாங்க, டிக்கெட்டை கையில வாங்கி பாத்துட்டு, "ஏன்யா, ராத்திரி பத்து மணிக்கு ஏறுனா பதினொன்ற மணிக்கு எறங்கிடலாமா, ஒன்றரை மணி நேரந்தானா, நான் ஈப்போ தாண்டி கேஎல் போறதுக்கே மூணு மணி நேரம் ஆவுதே"ன்னு கேட்டாங்க. சிரிச்சிட்டு விட்டுட்டேன், ஆனா அன்னிக்கு சாயந்தரமே இன்னொருத்தர் வந்து திரும்பி வர்ற டிக்கெட்டை காட்டி, "போறப்ப ஒன்றரை மணி, வர்றப்ப ஆறரை மணியா, சுத்தி வருதா பிளைட்டு?"ன்னு சண்டைக்கு நின்னாரு. சரி இத ஒரு தடவ ஒழுங்கா எழுதி வச்சிடுவோம்னுதான் இது.

முதல்ல நேரா பதில். கேஎல்ஐஏல, அதான் கோலாலம்பூர் ஏர்போட்ல, இருந்து சென்னைக்கு வான்வழி தூரம் சுமார் 2,630 கிலோமீட்டர், திருச்சிக்கு சுமார் 2,690. ரெண்டுக்குமே நேர் பிளைட்னா கிட்டத்தட்ட 4 மணி நேரம், பத்து நிமிஷம் முன்ன பின்ன இருக்கும். அத்தைக்கும் 4 மணி நேரம்தான், சண்டைக்கு வந்தவருக்கும் 4 மணி நேரம்தான்.

இந்த தூரத்தை நீங்களே கண்டுபிடிக்கணும்னா ரொம்ப சுலபம். கூகள் மேப்ஸ்ல கேஎல்ஐஏ மேல விரல வச்சு அழுத்தி பிடிச்சா ஒரு செகப்பு குறி விழும், கீழ இருக்குறத மேல தள்ளுனா தூரம் அளக்குறதுன்னு ஒன்னு வரும், அத தட்டிட்டு மேப்பை சென்னை வரைக்கும் இழுத்துட்டு போனா கிலோமீட்டர் ஓடிக்கிட்டே வரும். கார் போற வழி கேக்குற எடத்துல போட்டு பாக்காதீங்க, கடலுக்கு ரோடு இல்லன்னு கைய விரிச்சிடும்.

மேப் இல்லாமலும் கணக்கு போடலாம், எனக்கு இது புடிக்கும், ஆறாம் வகுப்புல படிச்ச அட்சரேகை தீர்க்கரேகை ஒரு வழியா உபயோகப்படுற எடம். ஒரு டிகிரின்னா நெலநடுக்கோட்டு பக்கம் சுமார் 111 கிலோமீட்டர். கேஎல்ஐஏ வடக்கு 2.75 டிகிரி, கிழக்கு 101.7. சென்னை ஏர்போட் வடக்கு 13, கிழக்கு 80.2. வடக்க 10.2 டிகிரி வித்தியாசம், மேக்க 21.5 டிகிரி வித்தியாசம், ரெண்டையும் 111ஆல பெருக்குனா 1,132ம் 2,386ம் வரும், அப்புறம் செங்கோண முக்கோணம்தான், ரெண்டையும் தனித்தனியா வர்க்கம் பண்ணி கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 2,641. உண்மையான தூரத்துக்கு பத்து கிலோமீட்டர்தான் கூட, போன் கால்குலேட்டர் போதும். ஆனா இது நம்ம மாதிரி நெலநடுக்கோட்டு கிட்ட இருக்குற ஊருங்களுக்குத்தான் சரியா வரும். தோக்கியோ, சியோலுன்னு வடக்க போனா தீர்க்கரேகைங்க ஒன்னுக்கொன்னு நெருங்கிடும், அங்க இந்த கணக்கு பொய் சொல்லும்.

இங்க ஒன்ன கவனிச்சீங்களா, சென்னைக்கும் திருச்சிக்கும் ரோட்டுல போனா 320 கிலோமீட்டருக்கு மேல, பஸ்ல ஆறு மணி நேரம், ஆனா நம்ம பக்கத்துல இருந்து பறந்தா வித்தியாசம் வெறும் 60 கிலோமீட்டர். ஏன்னா சென்னை நமக்கு கிழக்க தள்ளி கிட்ட வந்திருக்கு ஆனா வடக்க மேல போயிருச்சு, திருச்சி மேக்க தள்ளி இருக்கு ஆனா தெக்க எறங்கியிருக்கு, ரெண்டும் ஈடு கட்டிக்குது. அதனால நாமக்கல், புதுக்கோட்டை, தஞ்சாவூர், காரைக்குடி பக்கம் சொந்தம் இருக்குறவங்க சென்னை டிக்கெட் அம்பது வெள்ளி (ரிங்கிட்) மலிவா இருக்குன்னு எடுத்துட்டு அப்புறம் விடிய விடிய பஸ்ல குலுங்கிக்கிட்டு போறத பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும், அந்த அம்பது வெள்ளி பஸ்லயும் சாப்பாட்டுலயும் போயிரும். வேலூர், ஆற்காடு, திருவண்ணாமலை, செங்கல்பட்டு பக்கம்னா மட்டும் சென்னை.

அப்புறம் பினாங்கு. நம்ம வடக்கு பேராக் ஆளுங்க மறந்துர்ற ஏர்போட் அது. பாயான் லெப்பாஸ்ல இருந்து சென்னை சுமார் 2,370 கிலோமீட்டர்தான், கேஎல்ஐஏவ விட 260 கிலோமீட்டர் கம்மி, வீட்டுல இருந்து ரெண்டு மணி நேரத்துல காடியில போயிடலாம். 2024 டிசம்பர்ல அங்கேருந்து சென்னைக்கு நேர் பிளைட் ஆரம்பிச்சாங்க. நீங்க போற தேதியில ஓடுதான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, புதுசா ஆரம்பிக்கிற வழியெல்லாம் கூட கொறைய மாத்துவாங்க.

சரி தூரம் தெரிஞ்சிருச்சு, நேரம் எப்படி வருது. இந்த வழியில ஓடுறது பெரும்பாலும் ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி நடுவுல ஒரே நடைபாதை இருக்குற பிளைட்டுங்கதான், மேல போய் நெலைக்கு வந்ததும் மணிக்கு சுமார் 830 கிலோமீட்டர் வேகம். 2,630ஐ 830ஆல வகுத்தா 3 மணி 10 நிமிஷம். அதோட ஒரு 40 நிமிஷம் கூட்டிக்கணும், ஏன்னா ஏறும்போதும் எறங்கும்போதும் அந்த வேகம் கெடையாது, கேஎல்ஐஏல வாசலை விட்டு கெளம்பி ஓடுபாதைக்கு உருண்டு போறதுக்கே சில நேரம் கால் மணி நேரம் ஆயிடும் (எங்க மாமா அத பாத்துட்டு "இது ரோட்டுலயே மெட்ராஸ் போயிரும் போலருக்கே"ன்னாரு). ஆக 3 மணி 50 நிமிஷம். டிக்கெட்ல போடுற நேரம் வாசலை விட்டு நகர்றதுல இருந்து அந்த பக்கம் வாசல்ல போய் நிக்கிற வரைக்கும், கம்பெனிக்காரன் தாமதத்துக்குன்னு கொஞ்சம் சேத்தும் போட்டிருப்பான், அதனால சில டிக்கெட்ல 4 மணி 10ன்னு கூட இருக்கும். "இன்னிக்கு இருபது நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்"னு அறிவிப்பு வரும்போது கை தட்டாதீங்க, அது அவன் சேத்து வச்ச நேரந்தான்.

இப்ப அந்த ஒன்றரை மணி சமாச்சாரம், இதுதான் முக்கியம். டிக்கெட்ல ஏறுற நேரம் ஏறுற ஊரு கடிகாரம், எறங்குற நேரம் எறங்குற ஊரு கடிகாரம். இந்தியா நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால. ராத்திரி 10 மணிக்கு ஏறுனா 4 மணி நேரம் கழிச்சு நம்ம வீட்டு கடிகாரத்துல 2 மணி, அதுல ரெண்டரைய கழிச்சா அங்க 11:30. அதான் அத்தை பாத்த ஒன்றரை மணி நேரம். திரும்பி வரும்போது தலைகீழ். அங்க ராத்திரி 12:30க்கு ஏறுனா 4 மணி நேரம் பறந்து அவங்க கடிகாரத்துல 4:30, ரெண்டரைய கூட்டுனா இங்க காலையில 7. பாக்க ஆறரை மணி நேரம் மாதிரி தெரியும்.

நான் கடையில சொல்லி குடுக்குற வழி ஒன்னு இருக்கு, நேர வித்தியாசம் எவ்ளோன்னு தெரியலன்னாகூட வேல செய்யும். போற டிக்கெட்ல தெரியுற நேரத்தையும் வர்ற டிக்கெட்ல தெரியுற நேரத்தையும் கூட்டி பாதியா வெட்டுங்க. ஒன்றரையும் ஆறரையும் எட்டு, பாதி நாலு. அதான் பிளைட்டு நேரம். ஒன்னுல இருந்து ஒன்ன கழிச்சு பாதியா வெட்டுனா, ஆறரையில ஒன்றரை போனா அஞ்சு, பாதி ரெண்டரை, அதான் ரெண்டு நாட்டுக்கும் கடிகார வித்தியாசம். போறப்ப கழிஞ்சது வர்றப்ப கூடிடுது, அவ்ளோதான் ரகசியம். துபாய், ஹாங்காங், எங்க வேணா போட்டு பாருங்க, கிட்டத்தட்ட சரியா வரும், நேர் பிளைட்டா மட்டும் இருக்கணும்.

வீட்டுல பெரியவங்க "ரெண்டரை இல்லடா, ரெண்டு மணி நேரந்தான்"னு அடிச்சு சொன்னா அவங்கள திட்டாதீங்க, அவங்களும் ஒரு காலத்துக்கு சரிதான். தீபகற்ப மலேசியாவுல முன்னாடி கடிகாரம் அரை மணி நேரம் பின்னால ஓடுச்சு, சபா சரவாக்கோட ஒன்னா இருக்கணும்னு 1982 சனவரி 1ல அரை மணி முன்னாடி தள்ளி வச்சாங்க, சிங்கப்பூரும் கூடவே மாத்திக்கிச்சு. அதுக்கு முன்ன இந்தியாவுக்கும் நமக்கும் சரியா ரெண்டு மணி நேரந்தான். எங்க தாத்தா சாகுற வரைக்கும் ரெண்டுதான்னு சொன்னாரு. பொழுது விடியாமலே பெரட்டுக்கு (தோட்டத்துல காலையில ஆள் கணக்கு எடுக்குறது) எழுப்பி விடுறதுக்கு வெள்ளக்காரன் போனப்புறமும் ஒரு சதின்னு அவருக்கு ஒரு எண்ணம்.

அடுத்தது நடுராத்திரி கண்ணி. இதுல மாட்டுனவரு எங்க சொந்த மாமாவேதான். டிக்கெட்ல 15ஆம் தேதி 00:25ன்னு போட்டிருந்துச்சு. 15ஆம் தேதி பகல் பூரா மூட்ட கட்டி, சாயந்தரம் கோயிலுக்கு போய் தேங்கா ஒடச்சு, நாலு வீட்டுல சொல்லிக்கிட்டு, காடி எடுத்து கேஎல்ஐஏ போய் சேந்தா பிளைட்டு முந்தின ராத்திரியே போயிருச்சு. 00:25ன்னா 14ஆம் தேதி ராத்திரி தூங்காம இருந்து ஏறுற பிளைட்டு. இப்பல்லாம் 00, 01, 02ன்னு ஆரம்பிக்கிற டிக்கெட்டா இருந்தா நான் பிரிண்ட் மேலயே செகப்பு பேனாவுல "14 ராத்திரி சாப்பாடு முடிச்சு கெளம்பணும்"னு எழுதி குடுத்துர்றேன். நீங்களும் எழுதிடுங்க, தேதிய நம்பாதீங்க, எந்த வேள சோத்துக்கு அப்புறம்னு எழுதுனா யாருக்கும் தப்பாது.

இன்னொன்னு, மலிவா ஒரு டிக்கெட் கண்ணுல பட்டா மொத்த நேரம் எவ்ளோன்னு பாருங்க. 4 மணிக்கு பதிலா 9, 11ன்னு இருந்தா நடுவுல சிங்கப்பூர்லயோ கொழும்புலயோ எறக்கி ஏத்துறான்னு அர்த்தம். இளவட்டம்னா பரவால்ல, பாட்டி தனியா போறாங்கன்னா வேணாம்.

காத்தும் கொஞ்சம் வெளையாடும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்னிந்தியாவுக்கு மேல ரொம்ப உயரத்துல கிழக்கேருந்து மேக்க பலமா காத்து அடிக்கும், தரையில தென்மேற்கு பருவக்காத்து அடிக்கும்போது மேல அதுக்கு எதிர்ப்பக்கம். அதனால அந்த மாசங்கள்ல போறப்ப கொஞ்சம் சீக்கிரம், வர்றப்ப கொஞ்சம் லேட்டு, பத்து நிமிஷ வெவகாரம், அத வச்சு யாரும் டிக்கெட் எடுக்க வேணாம். ஆனா நவம்பர் டிசம்பர் வேற கதை. சென்னைக்கு அப்பதான் வடகிழக்கு மழை, 2015 டிசம்பர் வெள்ளத்துல ஏர்போட் பல நாள் மூடி கெடந்துச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கும் மூடுனாங்க. நம்ம ஸ்கூல் லீவுன்னு டிசம்பர்ல கல்யாணத்துக்கு போறவங்க, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் எறங்குற மாதிரி எடுக்காதீங்க, ரெண்டு மூணு நாள் முன்னாடியே போயிருங்க.

ஜன்னல் சீட்டு கெடச்சா முன்னாடி இருக்குற திரையில மேப் போட்டு பாருங்க, இல்லன்னா போன்ல மேப்பை வீட்டுலயே எறக்கி வச்சுக்குங்க. மலாக்கா நீரிணைய தாண்டி, சுமத்ராவோட வடக்கு முனை அச்சே பக்கமா போய், பெரிய நிக்கோபார் தீவு பக்கம் தொட்டுட்டு, அப்புறம் வங்காள விரிகுடா முழுக்க வெறும் தண்ணி. அந்த நிக்கோபார்தான் ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில வர்ற மாநக்கவாரம், அதே மெய்க்கீர்த்தியில நம்ம கெடாவும் கடாரம்னு வருது. ஆயிரம் வருஷத்துக்கு முன்ன அவங்க கப்பல்ல வந்த கடலுக்கு மேலதான் நீங்க பொட்டலம் பிரிச்சு கடலை தின்னுக்கிட்டு போறீங்க. நம்ம பாட்டன் பூட்டன் வந்தது அதே கடல்ல, ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினத்துல ஏறுனா பினாங்கு வந்து சேர ஒரு வாரம் கிட்ட. பிறகு வந்த சிதம்பரம் கப்பலும் 1985ல தீப்பிடிச்சதோட முடிஞ்சிருச்சு. பெரியவங்க கூட போனீங்கன்னா ஜன்னல் சீட்ட அவங்களுக்கு குடுங்க, ஒன்னும் தெரியலன்னாலும் தண்ணிய பாத்துக்கிட்டே வருவாங்க.

இனி நான் நெசமா சொல்ல வந்தது. 4 மணி நேரம் 4 மணி நேரம்னு சொல்றோம்ல, அது ஏர்போட்டுக்கு பக்கத்துல வீடு இருக்குறவனுக்கு. நமக்கு கணக்கு வாசல்ல இருந்து வாசல் வரைக்கும் போடணும், அதுவும் பின்னாலேருந்து போடணும். அத்தை டிக்கெட்டையே எடுத்துக்குவோம், ராத்திரி 10 மணி, திருச்சி. கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே மூடிடும், கூட்டம், பெட்டி நெறுவ, இமிகிரேஷன் எல்லாம் இருக்கு, அதனால 7 மணிக்கு அங்க நிக்கணும். சுங்கை சிப்புட்ல இருந்து கேஎல்ஐஏ 280 கிலோமீட்டர் கிட்ட, தாப்பா ஆர் அண்ட் ஆர்ல நிப்பாட்டி ஒன்னுக்கு போய் டீ குடிக்கிறதோட 4 மணி நேரம், வெள்ளிக்கெழமை ரவாங் ஜாமுக்கு இன்னும் அரை மணி. ஆக மத்தியானம் 2:30க்கு வீட்ட விட்டு எறங்கணும். காடி இல்லன்னா ஈப்போ அமான் ஜெயா பஸ் நெலையத்துல இருந்து ஏர்போட்டுக்கே நேரா பஸ் இருக்கு. இல்ல ஈடிஎஸ் ரயில்ல கேஎல் சென்ட்ரல் போய் அங்கேருந்து ஏர்போட் ரயிலு மாறிக்கலாம், அது 28 நிமிஷத்துல டெர்மினல் ஒன்னு, இன்னும் அஞ்சு நிமிஷத்துல டெர்மினல் ரெண்டு. எந்த டெர்மினல்னு டிக்கெட்ல பாத்துக்குங்க, பழைய ஆளுங்க இன்னும் கேஎல்ஐஏ, கேஎல்ஐஏ 2ன்னுதான் சொல்றாங்க, டிக்கெட்ல டெர்மினல் 1, 2ன்னு போட்டிருக்கும், ரெண்டும் அதேதான்.

திருச்சியில எறங்குறது அவங்க நேரம் 11:30. இமிகிரேஷன், பெட்டி, சுங்கம் எல்லாம் முடிஞ்சு வெளிய வர ஒரு மணி நேரம். நாமக்கல் பக்கம் ஊருன்னா காடியில ரெண்டு மணி நேரம், அங்க வாசல்ல கால் வைக்கும்போது அவங்களுக்கு ராத்திரி 2:30, நமக்கு விடியக்காத்தால 5. மத்தியானம் 2:30லேருந்து 5 மணி வரைக்கும் பதினாலரை மணி நேரம். அதுல 2,690 கிலோமீட்டர் கடல தாண்டுனது 4 மணி நேரம், மிச்சம் இருக்குற 370 கிலோமீட்டர் ரோட்டுக்கும் வரிசைக்கும் பத்தரை மணி நேரம். சாப்பாடு, தூக்கம், மருந்து எல்லாத்தையும் இந்த பதினாலரைக்கு திட்டம் போடுங்க, அந்த நாலுக்கு போடாதீங்க.

மருந்துன்னதும் ஒன்னு சொல்லணும். இனிப்பு நீருக்கு ஊசி போடுறவங்க, வேளா வேளைக்கு பிரஷர் மாத்திர போடுறவங்க, போறதுக்கு முன்னாடியே கிளினிக்ல கேட்டுக்குங்க, ரெண்டரை மணி நேரம் தள்ளுறத எப்படி பண்றதுன்னு அவங்க சொல்லுவாங்க. மருந்து எல்லாம் கைப்பையில, பெரிய பெட்டியில போடாதீங்க. போன் எறங்குனதும் தானா அந்த ஊரு நேரத்துக்கு மாறிடும், கைக்கடிகாரம் மாறாது. எங்க அம்மா ரெண்டு கையிலயும் கடிகாரம் கட்டிக்கிட்டு போனாங்க, எடது கையி நம்ம வீடு, வலது கையி ஊரு, பாத்தவங்க சிரிச்சாங்க, ஆனா அந்த கூட்டத்துல மாத்திரைய நேரத்துக்கு போட்டது அவங்க ஒருத்தருதான்.

அப்புறம் போய் சேந்துட்டோம்னு வீட்டுக்கு போன் பண்றத பத்தி. அங்க உங்களுக்கு நடுச்சாமம் மாதிரி இருக்கும், தூங்குறவங்கள எழுப்புவானேன்னு காலைல பேசிக்கலாம்னு இருந்துருவீங்க. அடிச்சிருங்க. இங்க மணி அஞ்சு, அத்தை வீட்டுக்காரரு அந்நேரம் எழுந்து கோப்பி கலக்கி வச்சிட்டு போனத்தான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாரு.